மூளை மீது மட்டும் பழி போடலாமா?

மது இளம் மூளையைப் பாதிக்கிறது என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருவதாகும். எனினும், அமெரிக்காவில் 9 முதல் 11 வயது வரையான 9,804 சிறுவர்களைத் தெரிவு செய்து, தொடர்ந்து அவதானித்து, 2024 டிசெம்பரில் வெளியிடப்பட்ட ஆய்வு மறுபக்கத்தையும் காட்டுகிறது. 15 வயதுக்கு முன்னரே மது, புகையிலை, கஞ்சா ஆகியவற்றை நாடியோரின் மூளை அமைப்பில் தென்பட்ட வேறுபாடுகள் பல, அவர்கள் அவற்றைத் தொடும் முன்னரே இருந்துள்ளன. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடியது மதுவையே.

இதனை விதியென்று கொள்வது பெருந்தவறாகும். மூளையின் அமைப்பை மட்டும் கொண்டு ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிக்க முடியாதென ஆய்வாளர்களே எச்சரித்துள்ளனர். நாட்டம் பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம். ஆனால், மதுப் போத்தலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பவர்கள் பெரியவர்களே. பிள்ளையின் மூளையை ஆராயும் சமூகம், தன் மனச்சாட்சியையும் ஆராய்தல் வேண்டும்.