கடினம் வேறு, கொடுமை வேறு

வீடியோ விளையாட்டு என்றாலே சிறுபிள்ளைகளின் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஆனால் 2017 மார்ச்சில் வெளிவந்த 'ரெயின் வேர்ல்டு' என்ற விளையாட்டைப் பற்றி வளர்ந்தவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். அந்த வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

பெரிய கம்பெனி கோடிகளைக் கொட்டி எடுத்த விளையாட்டு அல்ல இது. சுவீடனைச் சேர்ந்த ஜோவார் ஜேக்கப்சனும், இசையமைப்பாளர் ஜேம்ஸ் தெரியனும் முன்னின்று உருவாக்கியது. 2014-ல் பொதுமக்களிடம் 25 ஆயிரம் டாலர் கேட்டார்கள். 60 ஆயிரத்துக்கு மேல் சேர்ந்தது. இந்தத் தொழிலில் அது சொற்பப் பணம்.

பாதி நத்தை, பாதி பூனை போன்ற ஒரு சிறு பிராணிதான் கதாநாயகன். குடும்பத்தைப் பிரிந்து, இடிந்த ஆலைகளுக்கு நடுவே தாவியும் தொற்றியும் போக வேண்டும். பழமும் பூச்சியும் தின்று வயிற்றை நிரப்பி, மழைக்கு முன் பொந்து சேர வேண்டும். அந்த மழை வெளியே நிற்கும் உயிரை நசுக்கிவிடும். வழியெல்லாம் பல்லிகள் வேறு!

உறங்கி எழுந்தால் ஒரு படி ஏறும். செத்தால் ஒரு படி இறங்கும். உரிய படியில் இருந்தால்தான் அடுத்த பகுதியின் கதவு திறக்கும். குழாய் வழியே நுழைந்த மறு விநாடியே பல்லியின் வாயில் விழுந்தவன், "இதில் என் தவறு என்ன?" என்று கேட்கிறான். பத்திரிகை விமர்சகர்கள் பலரும் இதைச் சொல்லியே அப்போது மதிப்பெண்ணைக் குறைத்தார்கள்.

மறுதரப்பின் பதிலும் தள்ளத்தக்கதல்ல. இந்தப் பல்லிகள் ஆட்டக்காரனை மிரட்ட நிறுத்திய பொம்மைகள் அல்ல. அவை தாமே இரை தேடுகின்றன, தமக்குள் சண்டையிடுகின்றன, கழுகுக்கு இரையாகின்றன. சுரங்க ரயில் தண்டவாளத்தில் பிழைக்கும் எலியைப் போன்ற வாழ்க்கையைக் காட்டுவதே தயாரித்தவர்களின் எண்ணம். எலிக்கு யார் நியாயம் வழங்குகிறார்கள்?

இதுவரை சரி. ஆனால் "பொறுமை இல்லாதவன் ஏன் வாங்கினாய்?" என்று இவர்களில் சிலர் ஏளனம் செய்வது சரியல்ல. நாள் முழுதும் உழைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆட உட்காருகிறவன் சோம்பேறி அல்ல. காசு கொடுத்தவனுக்குக் குறை சொல்லவும் உரிமை உண்டு.

இந்த வழக்கில் நல்ல தீர்ப்பை வழங்கியவர்கள் தயாரித்தவர்களே. 2017 டிசம்பரில் மேலும் இரண்டு பிராணிகளை இலவசமாகச் சேர்த்தார்கள். துறவி என்ற பெயருடையதற்கு உறங்க நான்குக்குப் பதில் மூன்று பங்குத் தீனி போதும். ஒருமுறை திறந்த கதவு திறந்தே இருக்கும். வேட்டைக்காரன் என்பதற்கோ ஆறு பங்கு வேண்டும். பழைய ஆட்டம் பழையபடியே இருந்தது. எளிய வழி கேட்டவனுக்குக் கதவு திறந்தது. கடின வழி கேட்டவனின் கதவு அடைபடவில்லை.

பலன் என்ன? ஆர்வலர்களே கூடுதல் பகுதிகளை உருவாக்கினார்கள். அதுவே வளர்ந்து 2023 ஜனவரியில் 'டவுன்போர்' என்று முறைப்படி வெளிவந்தது.

கடினத்தை அடியோடு நீக்கினால் அந்த விளையாட்டே இல்லை. ஆனால் கடினம் என்பதை வாங்குமுன் சொல்ல வேண்டும். வாங்கிய பின் தவிப்பவனுக்கு ஒரு வழியும் விட வேண்டும். இந்த இரண்டையும் செய்யாவிட்டால்தான் கடினம் கொடுமையாகிறது.