சனம் வராது எண்டு சொல்லுறவைக்கு

பெண்கள் உதைபந்தாட்டம் எண்டு கதையெடுத்தால் உடனே ஒரு கேள்வி வரும்: "அதைப் பார்க்க ஆர் வாறது?" சனம் வராது; சனம் வராட்டி காசு வராது; காசு வராட்டி மைதானம் தரேலாது. கேட்க நியாயமான கணக்குப் போலத்தான் இருக்கும். ஆனால் நடந்த வரலாறு வேற.

முதலாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில், டிக் கேர் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் 1917இல் ஒரு அணியாகச் சேர்ந்தார்கள். போருக்குத் தேவையான வெடிகுண்டுகள் செய்த தொழிற்சாலை அது. வேலை போக மிச்ச நேரத்தில்தான் பந்து. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். உள்ளே இடமில்லாமல் வெளியில் நின்றவர்களும் ஆயிரக்கணக்கில்.

அதுக்குப் பிறகு ஒரு வருசம்கூட முழுசா ஆகேல்லை. 1921 டிசம்பர் 5ஆம் திகதி, இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருத்தமில்லை எண்டு இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் அறிவிச்சுது. கழகங்கள் தங்கட மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டாம் எண்டும் கேட்டுது. வசூலில் அதிக பங்கு செலவுகளுக்குப் போகுது எண்டது இன்னொரு குற்றச்சாட்டு. போர் நடக்கேக்க தொழிற்சாலைக்குப் பெண் வேணும். போர் முடிஞ்ச பிறகு அவள் மைதானத்தில நிக்கிறதும், அதில காசு புழங்கிறதும் கண்ணில குத்துது.

அந்தத் தடை ஏறக்குறைய 50 வருசம் நீடிச்சுது. கடையைப் பூட்டி வச்சுக்கொண்டு வியாபாரம் இல்லை எண்டு சொல்லுறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

கதவு திறந்தால் சனம் வரும். 2022 ஏப்ரலில் பார்சலோனா, வொல்ஸ்பேர்க் பெண்கள் அணிகள் மோதிய ஆட்டத்துக்கு 91,648 பேர் வந்தார்கள். வந்தும் என்ன? 2023 பெண்கள் உலகக்கிண்ணத்தின் பரிசுத்தொகை 110 மில்லியன் டொலர். அதுக்கு முந்தின வருசம் ஆண்களுக்கு 440 மில்லியன். அதே 90 நிமிச வேலைதான்.

எங்கட பக்கம் ஒருத்தரும் தடை அறிவிக்கிறேல்லை. தேவையும் இல்லை, வாட்ஸ்அப் குழு இருக்கு. அதில ஒரு வாக்கெடுப்புப் போடுவினம்: "பின்னேரம் 4 மணி பொடியளுக்கு, காலமை 6 மணி பெட்டையளுக்கு. ஓமா, இல்லையா?" காலமை 6 மணிக்கு விடுதியில குளிக்க வரிசை. வீட்டில இருந்து வாறவளுக்கு அடுப்படி வேலை, பிறகு பஸ். பின்னேரத்தைப் பங்கு போடலாம் எண்ட தெரிவு அங்க இல்லவே இல்லை. கடைசியில, "ஜனநாயகமாத்தானே முடிவெடுத்தனாங்கள்" எண்டு ஒரு ஸ்கிரீன்ஷொட் வரும். பெண்களும் வாக்குப் போட்டவைதானே எண்டு கேக்கலாம். போட்டவைதான். ஆனால் கேள்வியை எழுதினது ஆர்? கேள்வியிலயே முடிவு இருந்தால், எத்தனை பேர் அமத்தினாலும் அது கலந்துரையாடல் ஆகாது.

அவன் விளையாடினால் அது பயிற்சி. அவள் விளையாடினால், "வீட்டில வேலை ஒண்டும் இல்லையோ?" வீட்டுவேலை முழுக்க அவளின்ர கணக்கில இருக்கும் வரைக்கும் பின்னேரம் அவளுக்குச் சொந்தமில்லை. அதனாலதான் மைதானத்தின்ர நேர அட்டவணையும் வேலைப் பங்கீட்டுப் பிரச்சினைதான் எண்டு சொல்லுறன்.

ஆகவே சலுகை ஒண்டும் வேண்டாம். கிழமைக்கு மூண்டு பின்னேரம், கோல் கம்பங்களோட முழு மைதானம், ஒரு பயிற்றுவிப்பாளர். ஒரு வருசம் தாங்கோ. பிறகு வந்து சனத்தை எண்ணுங்கோ.