மாற்ற வேண்டியது மூன்று படிகள்தான்

பழைய வீட்டில் மரப்படி கிரீச்சிட்டால் நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "அது அப்படித்தான்" என்று ஏறிப் போய்விடுவோம். ஆனால், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அந்தச் சத்தத்தை அலட்சியப்படுத்தக் கூடாது.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய கடைவீடு இருக்கிறது. படுக்கையறை மேலே, கழிப்பறை கீழே, பின்கட்டில். எழுபதைத் தாண்டிய அம்மா இரவில் இரண்டு முறையாவது இறங்கி ஏற வேண்டும். படிகளின் விளிம்பு நடுவில் குழிந்து வழவழப்பாகிவிட்டது. சில படிகள் கால் வைத்தாலே ஆடின.

"எல்லாத்தையும் பிடுங்கிட்டு சிமெண்டுல கட்டிடலாம்க்கா" என்றான் தம்பி. அம்மாவுக்கு மனம் வரவில்லை. "உங்கப்பா ஏறி இறங்குன படிடா" என்று மட்டும் சொன்னார்.

அனுபவமுள்ள தச்சர் ஒருவரை அழைத்தோம். அவர் மேலே ஏறிப் பார்க்கவில்லை. டார்ச் விளக்கோடு படிக்கு அடியில் நுழைந்தார். ஒவ்வொரு பலகையையும் சுத்தியலால் மெல்லத் தட்டினார். நல்ல மரம் 'டக்' என்று கெட்டியாக ஒலிக்கும். கரையான் அரித்த மரத்தில் உள்ளே பொந்து விழுந்த சத்தம் கேட்கும். படிகளைத் தாங்கும் பக்கப் பலகைகள் செங்கால் மரம். கரையானை நன்றாகத் தாங்கும் கனமரம். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரை ஒழுகி ஈரம் ஊறிய சுவரோரத்தில் மூன்று மிதிபலகைகள் மட்டுமே கெட்டிருந்தன.

ஆகவே, முதலில் கூரை ஒழுக்கை அடைத்தோம். கரையானுக்கு மருந்து அடித்தோம். காரணத்தை விட்டுவிட்டுப் புதுப் பலகை போட்டால் அதுவும் கெட்டுப்போகும்.

பிறகுதான் தச்சுவேலை. மூன்று பலகைகளையும் பழைய கனத்துக்கே இழைத்துப் பொருத்தினார். ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்டேன்.

"ஒரு படி மட்டும் ஒசந்தாலும் கால் தடுக்கும்மா. முதல் ரெண்டு படியிலயே கால் உயரத்தைக் கணக்குப் போட்டுக்கும்" என்றார்.

மலேசியாவின் 1984-ஆம் ஆண்டு கட்டடத் துணைச் சட்டங்களும் இதை வலியுறுத்துகின்றன. படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மிதிக்கும் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எல்லாப் படிகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். எங்கள் பழைய படி இதைவிடச் செங்குத்தானது. அதை மாற்ற முடியாவிட்டாலும் ஒரே சீராக வைத்திருக்க முடியும்.

மற்றப் படிகளில் தேய்ந்த முன்விளிம்பை மட்டும் நேராக அறுத்து, கனமரத் துண்டைப் பசை தடவி ஸ்க்ரூவால் முடுக்கினார். தளர்ந்த ஆணியோடு பலகை உரசுவதால்தான் கிரீச் சத்தம் வருகிறது. அந்த இடங்களில் அடியிலிருந்து ஆப்பு வைத்து இறுக்கினார். விளிம்புகளில் வழுக்காத பட்டை, இருபுறமும் கைப்பிடி, மேலும் கீழும் விளக்கு சுவிட்ச் ஆகியவற்றை நாங்களே சேர்த்தோம்.

ஜார்ஜ் டவுன் 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. அந்தப் பகுதியில் வீடு வைத்திருப்பவர்கள் படியை இடிக்கும் முன் மாநகர் மன்றத்திடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்த வார இறுதியில் உங்கள் வீட்டுப் படியின் அடியில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பெற்றோர் ஊரில் தனியாக இருந்தால், அடுத்த முறை போகும்போது முதலில் அதைச் செய்யுங்கள். ஒரு படி ஆடும்போதே சரிசெய்வது, விழுந்த பிறகு மருத்துவமனைக்கு ஓடுவதைவிட எவ்வளவோ சுலபம்.