மண் தரும் சாட்சியம்

களிமண்ணைப் பிசைந்து, அச்சிலிட்டு, சூளையில் சுட்டுப் பிழைப்பு நடத்தும் குடும்பங்கள் பல வாழும் ஊர் விருத்தாசலம். பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற அவ்வூரை மனத்திற்கொண்டு, மண்ணைப் பற்றியே இம்மாதம் சிந்திப்போம். மண் பொருளைத் தருவதோடு நிற்பதில்லை, சாட்சியமும் தருகிறது.

மராட்டிய மாநிலத்துக் கோலாப்பூரில், பஞ்சகங்கை ஆற்றங்கரையில் பிரம்மபுரி என்றொரு மேடு உண்டு. 1940களின் நடுவில் அங்கு நிகழ்ந்த அகழ்வில் சிறியதொரு வெண்கலச் சிலை வெளிப்பட்டது. தாடியுடன் நிற்கும் அவ்வுருவம், கிரேக்கர் பொசைடன் என்றும் உரோமையர் நெப்டியூன் என்றும் வணங்கிய கடல் தெய்வம். கிடைத்த இடமோ கடற்கரையன்று. மேற்கு மலைத்தொடருக்கு அப்பாலுள்ள உள்நாட்டு நகரம்!

உரோமையர் அங்குக் குடியேறிக் கோயில் எழுப்பினர் என்று கற்பனை செய்ய ஆசை எழலாம். ஆனால் அச்சிலை தனித்துக் கிடைக்கவில்லை. உரோமை வெண்கலக் குடுவைகளும், நம் நாட்டுக் கைவினைஞர் வார்த்த, ஆட்கள் ஏறிய யானையும், பிறவும் ஒரே குவியலாகக் கிடைத்தன. அயல்நாட்டுப் பொருள்களை அருமை கருதி உள்ளூரார் யாரோ சேர்த்து வைத்தனர் என்று எண்ணவே அதிக இடமுண்டு. இதை நமக்கு உணர்த்துவது சிலையன்று. அதன் அருகே கிடந்தவையே.

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1945இல் மார்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, இத்தாலியக் குயவரின் பெயர் முத்திரை பதித்த செந்நிறக் கலத்துண்டுகள் கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. அதே மண்ணடுக்கில் கிடந்த நம் குயவரின் பானை ஓடுகளுக்கும் அதனால் காலம் கணிக்க முடிந்தது. முழுக் கலங்களாய் இல்லாதபோதும், உடைந்த ஓடுகள் கிடந்த இடத்தினால் விலைமதிப்புப் பெற்றன.

இடத்தை இழந்த பொருள் என்னாகும்? விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலிலிருந்து திருடப்பட்ட அர்த்தநாரீசுவரர் கற்சிலையை, 2004ஆம் ஆண்டு சிட்னி நகரக் கலைக்கூடம் ஒன்று நியூயார்க் வணிகரிடம் விலைக்கு வாங்கியது. உடன் வந்த சான்றுத்தாள் பொய்யுரைத்தது. சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த பழைய ஒளிப்படங்களே உண்மையை நிலைநாட்டின. 2014இல் சிலை நாடு திரும்பியது. கோயிற்சிலைக்கு ஒளிப்படம் சாட்சி சொன்னது. மண்ணுக்குள்ளிருந்து களவாடப்படும் பொருளுக்கோ அத்தகைய சாட்சியும் இல்லை.

பிற சமயத்தார் வணங்கியதாயிற்றே, நமக்கென்ன என்று கருதலாகாது. ஏதென்சு நகரில் புனித சின்னப்பர் அம்மக்களின் வழிபாட்டிடங்களைக் கூர்ந்து நோக்கிய பின்னரே வாய் திறந்தார். பிறர் போற்றியதைக் கவனத்தோடு நோக்குவது நம் விசுவாசத்திற்குக் குறைவன்று.

எனவே, கிணறு வெட்டும்போதோ, கடைக்கால் தோண்டும்போதோ பழம்பொருள் தென்பட்டால், வேலையை நிறுத்துவோம். புளியிட்டுத் துலக்கவும் வேண்டா. வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் வேண்டா. கிராம நிர்வாக அலுவலர் வழியாக ஆட்சியருக்குத் தெரிவிப்போம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இதைக் கடமையாக்குகிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலையே அச்சட்டம் பேசுகிறது. விலையில்லா ஓட்டுத் துண்டையும் கிடந்த இடத்திலேயே விட்டுவைத்து, அதன் சாட்சியத்தைக் காப்பது நம் மனச்சான்றின் கடமை.