லீட் சிங்கர் போனாலும் பேர் போகாது

'தி டிரிஃப்டர்ஸ்'னு எந்த மியூசிக் ஆப்பில் தேடினாலும் 1953-இல் வந்த 'மனி ஹனி'யும் 1959-இல் வந்த 'தேர் கோஸ் மை பேபி'யும் ஒரே பக்கத்தில் இருக்கும். ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. லீட் சிங்கர் வேற (இதுக்கு நல்ல தமிழ் வார்த்தை இருந்தா யாராவது சொல்லுங்க). பின்னாடி கோரஸ் பாடுறவங்களும் வேற. ஒருத்தர்கூட பொதுவா இல்லை. ஆறு வருஷத்துல பேரைத் தவிர எல்லாமே மாறிடுச்சு.

ஆரம்பகால ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுக்களைப் பத்திப் பேசுறவங்க பெரும்பாலும் குரலைப் பத்தியே பேசுவாங்க. என்னைக் கேட்டா, குழுவோட பேர் யார் கையில இருந்ததுங்கறதுதான் முதல் கேள்வி.

கிளைட் மெக்ஃபாட்டரை எடுத்துக்குவோம். சர்ச்சில் காஸ்பல் பாடி வளர்ந்தவர். 1950-இல் நியூயார்க்கில் பில்லி வார்டு நடத்தின 'டாமினோஸ்' குழுவில் சேர்ந்தார். உச்சத்துக்குப் போய் உடையிற மாதிரி ஒரு குரல். கடவுள்கிட்ட கெஞ்சுற அதே பாணியில் காதலிகிட்ட கெஞ்சுவார். 1952-இல் வந்த 'ஹேவ் மெர்சி பேபி'யைக் கேட்டா புரியும். கறுப்பின மக்களோட சர்ச் இசை அப்படியே ஜூக்பாக்ஸுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். பாட்டு ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம். ஆனா குழுவோட பேர் 'பில்லி வார்டு அண்ட் ஹிஸ் டாமினோஸ்'. மெக்ஃபாட்டர் அதில் சம்பளத்துக்குப் பாடினவர். வார்டோட தம்பின்னு காட்ட, 'கிளைட் வார்டு'ன்னுகூட அவரை அறிமுகப்படுத்தியிருக்காங்க. சொந்தப் பேர்கூட இல்லாத லீட் சிங்கர்!

1953-இல் வெளியே வந்தார். அவர் இடத்துக்கு ஜாக்கி வில்சன் வந்தார், டாமினோஸ் ஓடிக்கிட்டே இருந்தது. அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் அகமது எர்டிகன் மெக்ஃபாட்டரைத் தேடிப் பிடிச்சு ஒப்பந்தம் போட்டார். டிரிஃப்டர்ஸ் அப்படித்தான் உருவாச்சு. இந்த முறை பேரில் அவருக்கும் பங்கு இருந்தது. அன்னைக்கு ஒரு பாடகருக்கு இது சாதாரண விஷயமே இல்லை.

பேண்ட் வச்சிருக்கற நண்பர்கள் அடுத்த வரியை மெதுவா படிங்க. அந்தப் பங்கை அவர் வித்துட்டார். ராணுவத்துக்குப் போயிட்டு வந்து தனியா பாட முடிவு பண்ணினப்போ, அதை வாங்கினவர் மேனேஜர் ஜார்ஜ் டிரெட்வெல். கூடப் பாடின நண்பர்கள் இல்லை. அவங்க வெறும் சம்பளக்காரங்களா நின்னாங்க. 1958-இல் டிரெட்வெல் மொத்தக் குழுவையும் வேலையை விட்டு அனுப்பினார். 'ஃபைவ் கிரவுன்ஸ்'னு இன்னொரு குழுவைக் கூட்டிட்டு வந்து அதுக்கு டிரிஃப்டர்ஸ்னு பேர் வச்சார்.

டிரெட்வெல்லை வில்லனாக்குறது சுலபம். ஆனா அந்தப் புதுக் குழுவில்தான் பென் இ. கிங் இருந்தார், 'சேவ் தி லாஸ்ட் டான்ஸ் ஃபார் மீ' நமக்குக் கிடைச்சது. பாட்டு அருமை, அதுல சந்தேகமே இல்லை. எனக்குக் கோபம் வர்ற இடம், அவ்வளவு பெரிய ஹிட் கொடுத்த கிங்கும் பணப் பிரச்சினையில் 1960-இல் விலக வேண்டியிருந்ததுதான். அடுத்து ரூடி லூயிஸ். 1964-இல் 'அண்டர் தி போர்டுவாக்' ரெக்கார்டிங்குக்கு முந்தின ராத்திரி அவர் இறந்துபோனார். ரெக்கார்டிங்கைத் தள்ளிப்போடலை. 50-களில் இதே பேரில் பாடின ஜானி மூர் லீட் பாடினார். இன்னைக்கும் அதை ஜாலியான பீச் பாட்டுன்னு பிளேலிஸ்ட்ல போடுறோம்.

மெக்ஃபாட்டர் 1972-இல், 39 வயசுல இறந்தார். அப்பவும் டிரிஃப்டர்ஸ்ங்கற பேரில் ஒரு குழு பாடிக்கிட்டுதான் இருந்தது.