நீலம் பாரித்த கத்தி

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் டூல் ரூமில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். லேத்துக்கான டூல் பிட்டைக் கிரைண்டரில் பிடித்து, கோணம் பார்த்துத் தீட்டுவது அன்றாடப் பிழைப்பு. அந்தத் திமிரில்தான், ஓய்வுபெற்ற மறு வருஷம் ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு சின்ன பெல்ட் கிரைண்டர் வாங்கினேன். ஓர் அங்குல அகலம், 30 அங்குலச் சுற்றளவில் ஓர் உப்புத்தாள் வளையம். அதை ஓட்ட ஒரு மோட்டார். மெஷின் அவ்வளவுதான். வாங்கிய அன்றே என் மனைவியின் மீன் கத்தியைக் கெடுத்தேன்.

சந்தையில் ஒரு கொல்லரிடம் வாங்கிய கத்தி அது. அலகு முழுக்கத் தீட்டி நுனிக்கு வந்ததும், 'இன்னும் கொஞ்சம்' என்று அழுத்தினேன். நுனி வைக்கோல் நிறமானது, பழுப்பானது, கண்மூடித் திறப்பதற்குள் மயில் கழுத்து நீலமானது. பட்டறையில் இதை 'டெம்பர் போயிடுச்சு' என்போம். கொல்லர் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, தோய்த்து, மறுபடி 200 டிகிரி வாக்கில் இதமாகச் சூடுகாட்டிக் கொண்டுவந்த பதம், 300 டிகிரியை எட்டினால் இளகிவிடும். நீல நிறம் அதற்கான சாட்சி.

தப்பு எங்கே என்று யோசித்தேன். டூல் பிட் என்பது ஹை ஸ்பீடு ஸ்டீல். 500 டிகிரியிலும் அதன் கடினம் குறையாது. தீட்டும்போது நிறம் மாறினாலும் நாங்கள் அலட்டிக்கொண்டதில்லை. என் கை அந்த இரும்புக்குப் பழகிய கை. 31 வருஷ அனுபவமே என்னைக் கவிழ்த்துவிட்டது.

அந்த வாரம் தெருவில் சாணைக்காரர் குரல் கேட்டது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, மிதித்து, கல்லைச் சுழற்றுகிறவர். கத்தியைக் கையில் வாங்கியவர் நுனியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, தண்ணி தொட்டுக்கலீங்களா?"

அவர் கல்லின் வேகம் அவர் காலின் வேகம். என் மெஷினில் பெல்ட் வினாடிக்குச் சுமார் 15 மீட்டர் ஓடுகிறது. விளிம்போ தாள் மாதிரி மெலிசு. சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள அங்கே சதையில்லை. அன்றிலிருந்து மெஷின் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தேன். ஓர் இழுப்பு, ஒரு முக்கு. வெறும் விரலுக்குச் சுட்டால் கத்திக்கும் சுடுகிறது என்று அர்த்தம். நுனி பெல்ட்டின் நடுவுக்கு வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். வெளியே இழுத்தால் நுனி உருண்டுபோகும். விளிம்பு பெல்ட் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். எதிர்த்து வைத்தால் பெல்ட்டை அறுக்கும், அல்லது கத்தி கையைவிட்டுப் பறக்கும். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. தொங்குகிற துண்டோ துப்பட்டாவோ கிட்டே வரக் கூடாது.

இந்த மெஷினை வீட்டுக்கு வீடு வாங்கச் சொல்லி வீடியோக்கள் வருகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு கத்தியும் ஓர் அரிவாள்மணையும் உள்ள வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு முறை சாணை போதும். நடுவில் பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில் நாலு இழுப்பு இழுத்தால் ஓடும். வாங்கிவிட்டோமே என்று வாராவாரம் தீட்டினால் கத்திதான் தேயும். தேய்ந்த இரும்பு திரும்பி வராது.

அதற்காக, மழுங்கிய கத்தியைக் குப்பையில் போட்டு எண்பது ரூபாய்க்குப் புதுசு வாங்கும் இன்றைய வழக்கமும் சரியில்லை. தக்காளித் தோலில் இறங்காமல் வழுக்கி விரலில் இறங்குவது மழுங்கிய கத்திதான். அதைத்தான் நாம் பலங்கொண்டு அழுத்துகிறோம். கூர் போன ஒரே காரணத்துக்காக நல்ல இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

சாணைக்காரர் ஏன் அரிதாகிவிட்டார்? வேலை இல்லாமல் இல்லை. நம் குடியிருப்பின் கேட்டில் செக்யூரிட்டி அவரை நிறுத்திவிடுகிறார். மூன்றாவது மாடிக்கு அவர் குரல் எட்டுவதில்லை. எங்கள் வளாகத்தில் 48 வீடுகள். ஆறாயிரம் ரூபாய் மெஷினைப் பொதுவில் வாங்கினால் வீட்டுக்கு 125 ரூபாய். கார் நிறுத்துமிடத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தால், கத்திக்கு 30, அரிவாள்மணைக்கு 50 என்று அவர் வாங்கும் கூலியிலேயே எல்லா வீட்டுக் கத்தியும் தீரும்.

"அவருக்கு இந்த மெஷின் பழகுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். பெல்ட்டில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பொடி அலுமினியம் ஆக்சைடு. இயற்கையில் அது குருந்தக்கல். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் அது கிடைக்கிறது. அந்தக் காலத்துச் சாணைச் சக்கரம், குருந்தப் பொடியை அரக்கில் குழைத்து வார்த்தது. கல்லில் இருந்தது இப்போது துணியில் ஒட்டியிருக்கிறது. அவருக்குப் புதுசு வேகம் ஒன்றுதான்.

அதையும் பார்த்துவிட்டேன். போன மாதம் அவரை அழைத்துவந்து மெஷின் முன்னால் நிறுத்தினேன். முதல் கத்தியில் தயங்கினார். இரண்டாவதில் நான் சொல்லாமலே வாளியைக் காலால் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார். மூன்றாவதாக அவர் எடுத்தது என் நீலம் பாரித்த கத்தி. விளிம்பைத் தொடவே இல்லை. முதுகுப் பக்கமாகச் சரித்துத் தேய்த்து, நீலம் மறையும்வரை நுனியைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தார். கூலி கொடுத்தபோது, "கரண்ட் இருக்குற எடமாப் பாத்துச் சொல்லுங்க, வர்றேன்" என்றார்.

வரும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதை வைக்கப்போகிறேன். ஆதாரத்துக்குக் கத்தியையும் கொண்டுபோவேன். அரை அங்குலம் குட்டையாகிவிட்டது. ஆனாலும் என் மனைவி மத்தி மீன் ஆய்வது இன்னும் அதில்தான்.