கத்திரி முடிந்த பிறகு 113 டிகிரி!

சென்னையின் வெயில் கணக்கில் ஒரு நாள் தனியாக நிற்கிறது. அது 2003-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி. அன்று நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் பதிவான வெப்பம் 45 டிகிரி செல்சியஸ். பாரன்ஹீட் கணக்கில் சொன்னால் 113 டிகிரி!

மனித உடம்பின் சாதாரண வெப்பம் 98.6 டிகிரி. அது 100-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று வீடே கவலைப்படுகிறது. அன்று ஊருக்கே 113 டிகிரி!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அக்கினி நட்சத்திரம் என்னும் கத்திரி வெயில் வழக்கமாக மே 4-ந் தேதி வாக்கில் தொடங்கும். மே 28 அல்லது 29-ந் தேதி முடிந்துவிடும். "கத்திரி கழிந்தது, இனிக் கவலை இல்லை" என்று ஜனங்கள் பெருமூச்சு விடுகிற நேரத்தில்தான் அந்த வெயில் வந்தது. ஏன் அப்படி?

சூரியன் நகர்ந்த பிறகும் சூடு

சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வருவது ஏப்ரல் 24-ந் தேதி வாக்கில். மே மாதக் கடைசியில் அது வடக்கே நகர்ந்துவிடும். அப்போது நடுப்பகலில் வெளியே நின்றால் நம் நிழல் தெற்கே விழுவதைப் பார்க்கலாம். சூரியன் மட்டுமே காரணம் என்றால், ஏப்ரல் கடைசியில்தான் சென்னை அதிகமாகக் கொதிக்க வேண்டும்.

அடுப்பை மூட்டிய உடனே தோசைக்கல் காய்வதில்லை அல்லவா? நிலமும் அப்படித்தான். நாள்தோறும் வாங்கிய சூடு மெல்ல மெல்லச் சேருகிறது. இது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம் காற்று.

இரண்டு காற்றுகளின் போட்டி

பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும். கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. நிலத்தின் மேலே உள்ள காற்று சூடாகி மேலெழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இதுதான் கடற்காற்று. சென்னைக்கு இயற்கை கொடுத்திருக்கும் இலவச விசிறி இது. நடுப்பகலை ஒட்டி இது வந்துவிட்டால் வெப்பம் ஏறுவது நின்றுவிடும்.

ஆனால் மே கடைசியில் இதற்கு ஓர் எதிரி கிளம்புகிறது. அது மேல்காற்று. தென்மேற்குப் பருவமழை நெருங்கும் சமயம் மேற்கிலிருந்து காற்று பலமாக வீசத் தொடங்கும். அது தன் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டிவிடும். பிறகு காய்ந்த காற்றாக இறங்கி, சுடும் நிலத்தைக் கடந்து சென்னைக்கு வரும். அந்த மேல்காற்று, கடற்காற்றை வாசலிலேயே தடுத்து நிறுத்திவிடும்.

கடற்காற்று பன்னிரண்டு மணிக்கு வந்தால் அது சாதாரண நாள். மூன்று மணி வரை வராவிட்டால் அது அனல் நாள்!

புயல் செய்த வேலை

2003-ம் ஆண்டில் இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. அந்த மே மாதம் 10-ந் தேதி வாக்கில் வங்கக் கடலில் ஒரு புயல் உருவானது. அதன் மழையால் இலங்கையில் பெருவெள்ளம். வெள்ளத்திலும் மண்சரிவிலும் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 19-ந் தேதி அது மியான்மர் நாட்டில் கரையைக் கடந்தது.

புயல் போகும்போது ஈரக் காற்றையும் இழுத்துக்கொண்டு போனது. வழக்கமாக ஜூன் 1-ந் தேதி வாக்கில் கேரளத்தில் தொடங்கும் பருவமழை, அந்த ஆண்டு ஜூன் 8-ந் தேதிதான் தொடங்கியது. இடைப்பட்ட நாட்களில் ஆந்திராவும் வட தமிழ்நாடும் வெந்தன. அந்தக் கோடையில் ஆந்திராவில் வெயிலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

நிழலில் எடுத்த கணக்கு

நுங்கம்பாக்கத்தில் வானத்தைக் கவனிக்கும் வேலை இன்று நேற்று தொடங்கியதல்ல. 1792-ம் ஆண்டில் அங்கே வான ஆராய்ச்சிக் கூடம் கட்டப்பட்டது. 1796-ம் ஆண்டு முதல் வெப்பம் குறித்து வைக்கப்பட்டது. அந்தக் காலத்துக் கருங்கல் தூண் ஒன்று இன்றும் வானிலை நிலைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு.

வெப்பத்தை அளப்பது எப்படி? சுமார் நாலடி உயரக் கால்களின் மேல் வெள்ளை வர்ணம் பூசிய ஒரு மரப்பெட்டி. ஜன்னல் போல் அதன் பக்கங்களில் சாய்வான பலகைகள். காற்று உள்ளே போகும், வெயில் போகாது. இதன் பெயர் ஸ்டீவன்சன் பெட்டி. கலங்கரை விளக்கம் கட்டும் என்ஜினீயரான தாமஸ் ஸ்டீவன்சன் செய்த அமைப்பு இது. "புதையல் தீவு" கதை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இவருடைய மகன்தான்.

பெட்டிக்குள் காய்ச்சல் பார்க்கும் கருவி போன்ற ஒரு வெப்பமானி இருக்கும். அன்றைய உச்ச வெப்பம் வரை பாதரசம் ஏறி, அங்கேயே நின்றுவிடும். அதைப் பார்த்து ஏட்டில் எழுதுவார்கள்.

ஆகவே 113 டிகிரி என்பது நிழலில் எடுத்த கணக்கு! தார் ரோடு போடுகிறவருக்கு அந்தப் பெட்டியின் நிழல் இல்லை. கீழே கொதிக்கும் தார், மேலே வெயில். தகரக் கூரையின் கீழ் சமைக்கும் தாய்க்கும், தள்ளுவண்டிக்காரருக்கும், மூட்டை தூக்குகிறவருக்கும் அப்படித்தான். "வெயில் சதம் அடித்தது" என்று பத்திரிகையில் ஒரே எண்தான் வரும். அந்த எண் எல்லோருக்கும் ஒன்றல்ல.

இரவும் சேர்ந்தால்...

இன்னொரு கணக்கும் உண்டு. அது இரவின் கணக்கு. பகலில் சூடேறிய உடம்பு இரவில்தான் ஆற வேண்டும். நகரத்துக் காங்கிரீட் சுவர்களோ பகலில் குடித்த சூட்டை இரவில் கக்குகின்றன. காற்றில் ஈரம் அதிகமானால் வேர்வை உலராது. வேர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். எனவே 113 டிகிரி இல்லாத நாளும் ஆபத்தான நாளாகலாம்.

இதை வானிலைத் துறையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சமவெளி ஊர்களில் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் வெப்ப அலை பற்றிய பேச்சே எழும். கடலோர ஊர்களுக்கு 37 டிகிரி போதும். பொதுவாக இரண்டிலும் வெப்பம் வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும்.

2024-ம் ஆண்டில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவித் தொகை என்றும் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் வெயில் பல சமயம் வேறு பெயரில் உயிரை வாங்குகிறது. முதியவர் ஒருவர் இரவில் வீட்டிலேயே இறந்தால் "மாரடைப்பு" என்று எழுதுவார்கள். காரணம் வெயில் என்று எழுதினால்தான் அது கணக்கில் ஏறும். கணக்கில் ஏறாத சாவுக்கு உதவி எங்கிருந்து வரும்?

குடும்பத்தார் செய்ய வேண்டியது

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். நீர்மோர், நீராகாரம், இளநீர் நல்லது. கடினமான வேலையைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளலாம். இதை வேலை செய்கிறவர் மட்டும் முடிவு செய்ய முடியாது. வேலை கொடுக்கிறவரும் மனம் வைக்க வேண்டும்.

வெயிலில் ஒருவர் தலைசுற்றி விழுந்தாலோ, உளறினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108 ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

கத்திரி என்பது பஞ்சாங்கத்தில் முடிகிற தேதி. வெயில் முடிவது காற்றின் கையில் இருக்கிறது. மே கடைசியில் கிழக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிற்பகல் ஆகியும் கடற்காற்று வரவில்லையா? காலண்டர் என்ன சொன்னாலும் சரி, அன்று பாட்டியையும் பிள்ளைகளையும் வெளியே அனுப்பாதீர்கள். வெளியே வேலைக்குப் போனவருக்கு இன்னொரு சொம்பு மோர் எடுத்து வையுங்கள்.